எல்லாரும் ‘கருவாடு’ சொல்லுங்க

பிளானோ, டெக்சஸ்
ஏப்ரல் 9, 2024

அன்புள்ள தம்பி பெனிஷுக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிரீத்தாவும் எழுந்து நடமாடுகிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தக் கேமரா மூட்டையை ஒரே தோளில் தூக்காதே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ “ஆமாக்கா, சரிக்கா” என்று முடித்துவிடுவாய். உன் படங்களோடு ஒரு தாள் வருமே, அதில்தான் நீ மனுஷனாகப் பேசுகிறாய். அதனால் நானும் தாளிலேயே வருகிறேன்.

அத்தானின் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய படமும் அதே வாரம் வந்தது. ஒரு பிரதியை முட்டத்துக்கு மாமிக்கு அனுப்பினேன். மகனை மண்ணில் வைக்கும்போது பக்கத்தில் இருக்க முடியாத தாய்க்கு அந்தப் படம்தான் மிச்சம். ஊரில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுக்காமல் யாரையாவது அடக்கம் செய்திருக்கிறார்களா? ஆனால் நாங்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து அந்த ஃபியூனரல் ஹோம் மனிதர், “ஆர் யூ ஷ்யூர், மேம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாரே, அவர் முகத்தை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. மடக்கு நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி அவரே இடம் செய்து கொடுத்தார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு நின்றபோது, நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து மெல்ல, “எல்லாரும் கருவாடு சொல்லுங்க” என்றாய். பிரீத்தா பிறந்ததிலிருந்து அத்தான் கேமராவைத் தூக்கினால் இந்த வீட்டில் வருகிற சொல். “வெள்ளைக்காரன் சீஸ் சொல்லட்டும், முட்டத்துக்காரன் கருவாடுதான் சொல்வான்” என்பார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் கை வைத்துக்கொண்டே சிரித்தேன். பிறகுதான் அழுகை வந்தது. அதுவரை நான் கல்லாக இருந்தேன், தம்பி. பின்னால் நின்றவர்கள் நான் விம்முகிறேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்தார்கள். அந்த நாளில் எனக்கு மூச்சு வர வைத்தவன் நீ ஒருத்தன்தான். நல்லவேளை, நீ அனுப்பிய படத்தில் எல்லோரும் ஒழுங்காகத் தலைகுனிந்து நிற்கிறோம். நான் சிரித்தது உனக்கும் எனக்கும் பிரீத்தாவுக்கும் தெரிந்தால் போதும்.

பிரீத்தா-இளமாறன் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அத்தான் சம்மதித்த சம்பந்தம், அடுத்த வருஷம் மே மாதமே நடக்கட்டும். அவளைப் பீடம்வரை கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவர் போய்விட்டார். தாய்மாமன் நீ இருக்கிறாய். “மாமா வில் வாக் மீ, ரைட்?” என்று அவளே கேட்டாள். பின்னே யார் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கிருபா


ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
ஜூன் 2, 2024

அன்பு அக்காவுக்கு,

பெனிஷ் எழுதுகிறேன். நலம். முதுகுவலியும் நலம், மூட்டையும் நலம். நீ தூங்குகிறாயா? பிரீத்தா சாப்பிடுகிறாளா? பதில் தாமதமானதற்குத் திட்டாதே. கம்பெனி வேலை முடிந்து மிச்சமிருக்கும் நேரமெல்லாம் தெருவில்தான் கழிகிறது.

பிரீத்தாவை நான் அழைத்துப்போகிறேன். அதை எனக்குச் சொல்லவும் வேண்டுமா? புது கோட்டு தைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் மெமோரியல் டே ஊர்வலம். முந்தின நாள் சாயங்காலமே ஜனங்கள் மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதையில் விரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் அப்படியே இருக்கிறது, ஒருத்தரும் தொடுவதில்லை. என் படங்களுக்கு இப்போது ஒரு தொடர்ச்சி கிடைத்துவிட்டது அக்கா. ஸ்கூல் போர்டு மீட்டிங், தீயணைப்பு நிலையத்து பான்கேக் விருந்து, பேஸ்பால் மைதானம், சர்ச் ஹால், எங்கே பார்த்தாலும் அமெரிக்காவில் நாலு பேர் கூடினால் மடக்கு நாற்காலி வருகிறது. அதில் உட்காரும் மனிதர்களைத்தான் மூன்று வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். தொப்பி போட்ட அந்தப் பெரியவர் பழைய ராணுவக்காரர். கேமராவைக் கண்டதும் விறைத்துக்கொண்டார். நான் ஒன்றிரண்டு எடுத்துவிட்டு, “தேங்க்யூ, முடிஞ்சது” என்று கேமராவை இடுப்புக்கு இறக்கினேன். பிறகு அவருடைய நாயின் பெயரைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன், அது போன மாதம் செத்துப்போனதாம். அந்த முகத்தைப் பார். இடுப்பிலிருந்தே எடுத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சொல் இருக்கிறது அக்கா. அதைச் சொன்னால் முகம் திறந்துவிடும்.

மறந்துவிட்டேன், அத்தான் அடக்கத்தன்று எடுத்ததைச் சிலர் பார்க்க வேண்டும் என்கிறார்கள். காட்டலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெனிஷ்


பிளானோ
ஜூன் 20, 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காரின் கதவில் தோசை சுடலாம். உங்கள் ஊரில் மழையாமே, நனையாதே.

பாவம் அந்தத் தாத்தா! செத்த நாயின் பெயரைச் சொல்லியா ஒரு மனுஷனை மடக்குவது? சின்ன வயதில் என் சடையை இழுத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பாயே, அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

படத்தைக் காட்டலாமா என்று கேட்கிறாயே, இதெல்லாம் ஒரு கேள்வியா? காட்டுவதற்குத்தானே எடுத்தது. நியூ ஜெர்சியில் அத்தானுக்குச் சித்தப்பா முறையில் எத்தனை பேர், எல்லோருக்கும் காட்டு. வர முடியாதவர்கள் பார்த்துவிட்டு ஒரு செபம் சொன்னால் அவர் ஆன்மாவுக்கு நல்லது.

ஆகஸ்டில் எங்கள் பங்குக் கோவில் பிக்னிக். நீ எடுக்க வருவாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். “என் தம்பிதான், நம்ம பையன்” என்றேன். சரியென்றுவிட்டார்கள்.

கோட்டு கறுப்பில் வேண்டாம். நீலத்தில் எடு.

உன் அக்கா,
கிருபா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
செப்டம்பர் 15, 2024

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பிக்னிக்குக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. கம்பெனியில் ஆடிட் என்று பிடித்துக்கொண்டார்கள்.

லேபர் டே அன்று நல்ல மழை. அணிவகுப்பு ரத்தாகிவிட்டது. ஆனால் நாற்காலிகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. தெரு நெடுக வெறும் நாற்காலிகள் நனைந்துகொண்டு நின்றன. அந்தப் படத்தை அனுப்புகிறேன், உனக்குப் பிடிக்கும்.

வேலை நன்றாகப் போகிறது. அடுத்த மாதம் ஓக்லண்டில் ஒரு கேலரியில் சில படங்கள் வைக்கிறார்கள். ஒரு பதிப்பகமும் புத்தகமாகப் போடக் கேட்டிருக்கிறது. பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதே, சின்ன இடம்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு நவம்பரில் நீ மாப்பிள்ளை வீட்டுக்கு, பிளசன்டன் போகிறாய் அல்லவா? அங்கே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப்போ. பக்கம்தானே என்று ஓக்லண்டுக்கெல்லாம் அலைய வேண்டாம், பார்க்கிங் கிடைக்காது.

பெனிஷ்


பிளசன்டன், கலிபோர்னியா
நவம்பர் 10, 2024

தம்பி பெனிஷுக்கு,

உடம்பு நலம். மனசு நலமில்லை.

நிச்சயதார்த்தம் நேற்று முடிந்தது. சம்பந்தி வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இளமாறனின் அம்மா சாந்தாமணி தங்கமானவர், யாரையும் நோகப் பேசத் தெரியாது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, இது நீங்கதானே?” என்று போனை நீட்டினார். ஆபீஸ் சிநேகிதி ஓக்லண்டில் பார்த்துவிட்டு அனுப்பினாளாம்.

பெட்டிக்குள் என் புருஷன் கிடக்கிறார். நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறேன். பிரீத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஓரத்தில் உன் மடக்கு நாற்காலிகள். சுவர் அளவுக்குப் பெரிதாக மாட்டியிருக்கிறாய். கீழே “குடும்பப் படம், டெக்சஸ்” என்று எழுதியிருக்கிறது.

நான் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். சாந்தாமணி அவசரமாக, “ரொம்ப நல்லா இருக்கீங்க இதுல” என்றார். செத்த புருஷன் பக்கத்தில் நான் நன்றாக இருக்கிறேனாம். அவர் வேறு என்னதான் சொல்வார்? பிரீத்தா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கீழே வரும்போது கண் வீங்கியிருந்தது. “ஹீ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் யூ, அம்மா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓக்லண்டில் பார்க்கிங் கிடைக்காது என்று எழுதினாயே, இதற்குத்தானா?

ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும். அன்று நீ எனக்காகத்தான் அந்தச் சொல்லைச் சொன்னாய். பழக்க தோஷத்தில் விரல் தன்னால் அமுக்கியிருக்கும். அது எனக்குப் புரிகிறது. எடுத்ததற்கு நான் கோபிக்கவில்லை. அந்தப் படத்தை இறக்கு. போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை.

அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
டிசம்பர் 8, 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உடனே எழுத முடியவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

நான் கேட்டேன் அக்கா. காட்டலாமா என்று ஜூனில் எழுதிக் கேட்டேன். காட்டுவதற்குத்தானே எடுத்தது என்று நீ எழுதினாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உனக்குக் கோபம் இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? கணவனை இழந்த ஒரு அம்மா கேலரிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் அன்று சிரித்தேன், யாரிடமும் சொன்னதில்லை என்றாராம். நான் எடுத்ததிலேயே உண்மையான படம் அதுதான். உன் பெயர் எங்கேயும் இல்லை, அத்தான் பெயரும் இல்லை. கண்காட்சியும் முடிந்துவிட்டது, படம் இறங்கிவிட்டது.

புத்தகத்துக்கு அதை அட்டையில் போட வேண்டும் என்று பதிப்பகத்தார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நான் பேசிப் பார்க்கிறேன்.

கோட்டு நீலத்தில்தான் எடுத்திருக்கிறேன்.

பெனிஷ்


பிளானோ
டிசம்பர் 16, 2024

தம்பிக்கு,

நலம். கிறிஸ்மஸ் வருகிறது. இந்த வருஷம் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை.

நீ கேட்டது உண்மை, நான் சொன்னதும் உண்மை. நான் எந்தப் படத்தைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு நீ காட்டியது ஒரே ஒரு படம். இப்படி இன்னொன்று இருப்பதே தெரியாமல் சரி என்றவளின் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாயாக்கும். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீ.

அழுத அந்த அம்மாவுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் முட்டத்தில் மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. நீ அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். தினமும் அதன் முன்னால்தான் செபமாலை சொல்கிறார். அவர் கண்ணில் இது பட்டால், என் மகன் போனதும் இவள் சிரித்தாளா என்றுதான் கேட்பார். நான் என்ன பதில் சொல்வேன்? என் தம்பி கலைஞன் ஆகிவிட்டான் என்றா?

பேசிப் பார்க்க வேண்டாம். அந்தப் படம் புத்தகத்தில் வரக்கூடாது. இதை மட்டும் செய், மற்றதெல்லாம் மறந்துவிடுகிறேன். பிரீத்தாவையும் நான் பேசிச் சரிக்கட்டுகிறேன். மே மாதம் அவள் கையைப் பிடித்து நடக்கிறவன் அவள் முகத்தைப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜனவரி 20, 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். இங்கே முழங்கால் அளவு பனி. புத்தாண்டு வாழ்த்துகள்.

பேசி முடித்துவிட்டேன். அட்டையில் உன் படம் இல்லை. மழையில் நனைந்த வெறும் நாற்காலிகள்தான் அட்டை. நீ நிம்மதியாக இரு.

பிரீத்தாவுக்கு என் அன்பு.

பெனிஷ்


பிளானோ
பிப்ரவரி 2, 2025

என் அன்புத் தம்பிக்கு,

நலம், நலம், நலம்! உன் கடிதத்தை வாசித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். டிசம்பரில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். அக்காதானே, பொறுத்துக்கொள். வெறும் நாற்காலி அட்டைதான் அழகு. ஃப்ரிட்ஜில் உன் ராணுவத் தாத்தாவுக்குப் பக்கத்தில் அதைத்தான் ஒட்டியிருக்கிறேன்.

பிரீத்தாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். பிறகு “ஓகே. டெல் ஹிம் டு பிராக்டிஸ் வாக்கிங் ஸ்லோலி” என்றாள். உன் வேகம் உலகத்துக்கே தெரியும். அன்ன நடை வேண்டாம், மாப்பிள்ளை வீட்டாரை ஓடவிடாமல் நடந்தால் போதும்.

கல்யாணம் மே 24, சனிக்கிழமை. மெமோரியல் டே விடுமுறையாயிற்றே, உன் ஊர்வலம் போய்விடுமே என்று சொல்லாதே. நாற்காலிகள் அடுத்த வருஷமும் இருக்கும். ஒரு வாரம் முன்பே வந்துவிடு. அத்தானின் அறையை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேறு ஆளைப் பேசியாயிற்று, நீ கேமராவைத் தொட வேண்டாம். ஆனால் எல்லோரும் ஒன்றாக நிற்கிற படத்துக்கு மட்டும் நீதான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அத்தானுக்குப் பிறகு அதைச் சொல்ல உனக்குத்தான் உரிமை.

நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, முதுகுக்கு நல்லது.

உன் அக்கா,
கிருபா


பிளானோ
ஏப்ரல் 13, 2025

பெனிஷுக்கு,

பிப்ரவரியில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாளவிகா வந்தாள். எங்கள் சர்ச்சுக்கு வருகிற பெண், டாலஸில் கல்லூரியில் படிக்கிறாள். “ஆன்ட்டி, உங்க பிரதர் எங்க காலேஜ்ல பேசறார்! சொல்லவே இல்லையே நீங்க?” என்றாள். “தெரியும்மா, கல்யாண வேலையில மறந்துட்டேன்” என்று பொய் சொன்னேன். என் வீட்டிலிருந்து டோல்வே சாலையில் அரைமணி நேரம். நீ டெக்சஸுக்கு வந்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. எனக்கு ஆச்சரியம் கொடுக்கத்தான் சொல்லாமல் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நம்பு, அப்படித்தான் நினைத்தேன். உனக்குப் பிடிக்குமே என்று மறுநாள் ரசவடை சுட்டு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மாளவிகாவோடு வந்தேன்.

ஹால் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், மடக்கு நாற்காலியில்தான். வாசல் மேஜையில் உன் புத்தகம். அட்டையில் வெறும் நாற்காலிகள். பிரித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு பக்கம் முழுவதும் நான். அட்டையில் இல்லை என்று நீ எழுதியது பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் எப்படி என்னை ஏமாற்றினாய்!

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் என்னைக் காட்டினாய். “என் அக்கா அன்று கல்லாக இருந்தாள்” என்று இங்கிலீஷில் சொன்னாய். அது என் கடிதத்தில் நான் உனக்கு எழுதிய வரி. பிறகு, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு சொல் இருக்கிறது என்றாய். நியூ ஜெர்சியிலிருந்து வருகிற விமானத்திலேயே, இவளுக்கு எந்தச் சொல் என்று யோசித்து வைத்திருந்தேன் என்றாய். ஒழுங்கான படத்தை எடுத்து முடித்துவிட்டு, கேமராவை இறக்கிவிட்டு, சொன்னேன் என்றாய். இடுப்பிலிருந்து எடுத்தேன் என்றாய்.

ஒரு வருஷமாக நான் அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தேன், பெனிஷ். தூக்கம் வராதபோதெல்லாம், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், என் தம்பி ஒருத்தன்தான் என்னைத் தொட்டான் என்று நினைத்துக்கொள்வேன். செத்த நாயின் பெயரை அந்தத் தாத்தாவுக்குச் சொன்ன மாதிரிதான் எனக்கும் சொன்னாயா? அதை நீயே எனக்கு எழுதியும் இருந்தாய். நான் சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

அதோடு விட்டாயா? “நீங்களும் சொல்லிப் பாருங்கள்” என்றாய். ஹால் முழுவதும் சொன்னார்கள். கருவாடு. அர்த்தம் தெரிந்ததும் கைதட்டிச் சிரித்தார்கள். மாளவிகாவும் சொன்னாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம்.

கிருபாராணி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஏப்ரல் 28, 2025

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். தினமும் போன் பண்ணுகிறேன், ஒரு தடவை எடு. பிரீத்தாவும் எடுப்பதில்லை.

டாலஸுக்கு வருவதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த பதிப்பில் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். அது என் கையில் மட்டும் இல்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. கோட்டு தைத்து வந்துவிட்டது. கேமரா இல்லாமல் வருகிறேன், போனைக்கூட உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். அத்தானுக்காகவாவது பிரீத்தாவை அழைத்துப்போக விடு. பின் வரிசையில் நின்றாலும் போதும். ஊரில் எல்லோரும் தாய்மாமன் எங்கே என்று கேட்பார்கள், அப்போது நீ என்ன சொல்வாய்?

பதில் எழுது அக்கா.

பெனிஷ்


பிளானோ
ஜூன் 1, 2025

பெனிஷுக்கு,

நாங்கள் நலம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமனுக்கு அந்தச் சேதியைத் தெரிவிக்க வேண்டியது முறை, அதற்காக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். டிக்கெட், கோட்டு, அடுத்த பதிப்பு, ஊர் என்ன சொல்லும் என்று எல்லாம் இருந்தது. விமானத்தில் அந்தச் சொல்லை எதற்காக யோசித்து வைத்தாய் என்பது மட்டும் இல்லை. எனக்காகத்தான் அக்கா என்று ஒரு வரி எழுதியிருந்தால், பொய்யென்று தெரிந்தும் உன்னை வரச் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட மடச்சிதான்.

பிரீத்தாவை நானே அழைத்துப்போனேன். வாசலில் எனக்குக் கால் நகரவில்லை. அவள்தான், “அம்மா, ஸ்லோலி, ஐ காட் யூ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரை அழைத்துப்போனது என்று தெரியாமல் பீடம்வரை போய்ச் சேர்ந்தோம். தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள்தான். வேலை என்றேன். முட்டத்திலிருந்து மாமி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. இனி தெரிந்தாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் படத்துக்கு நின்றோம். படம் எடுக்க வந்த பையன், “எவ்ரிபடி, லுக் ஹியர்” என்றான். பிரீத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பா இல்லை, நீ இல்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். அந்தச் சொல் எனக்கு வாய்வரை வந்தது. அந்த ஹாலில் அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சிரித்த சத்தம் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிரீத்தாவுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் சாந்தாமணிதான், “என்ன எல்லாரும் உம்முன்னு நிக்கிறீங்க, சீஸ் சொல்லுங்க” என்றார்.

சீஸ் என்றே சொன்னோம்.

கிருபாராணி